தை மாதத்து பேக்கப்

பழைய பேக்கப்பைக் கொண்டுபோய், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் தலையிலேயே கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆபீசில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். "வேற பேர் குடு. அந்தப் பேர்ல ஏத்து. பக்கத்துல வெச்சுப் பாத்து, வேணுங்கறத மட்டும் எடுத்துக்க. ஒரிஜினல்ல கை வெச்சேன்னா அப்புறம் என் வாயப் பத்தி உனக்குத் தெரியும்." பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் சொன்னபடி செய்வார்கள்.

விஷயம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சேர்த்து வைத்த தகவல்கள் எல்லாம் ஒரு பெயருக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். அந்தப் பெயரை ஸ்கீமா என்போம். தை மாதம் எடுத்து வைத்த நகலை ஆடி மாதத்தில் அதே பெயரில் ஏற்றினால், தைக்கும் ஆடிக்கும் நடுவில் எழுதியது அத்தனையும் அழிந்து போகும். வேறு பெயரில் ஏற்றினால் தை ஒரு பக்கம், ஆடி ஒரு பக்கம், இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். யாருக்கும் சேதம் இல்லை. போன ஆடி வரைக்கும் நானும் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் ரயில், மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே. திருத்தணியில் உட்கார்ந்து இந்த வேலை பார்க்கிறவள் என்பதால், தெருவில் யார் வீட்டு பிரிண்டர் மக்கர் செய்தாலும் எனக்குத்தான் போன் வரும். அப்படி என் தலையில் விழுந்த வேலைகளில் ஒன்று திருமணத் தகவல் மையம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், போட்டோ ஸ்டுடியோ மாடியில் இருக்கிறது. அதை நடத்துகிற அம்மாவை ஊரே மையத்தம்மா என்றுதான் கூப்பிடும். எனக்கு வரன் பார்த்து முடித்து வைத்தவரும் அவர்தான். அந்த நன்றிக்காக ஒரு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். சும்மா எழுதிக் கொடுத்ததாலோ என்னவோ, என்னை வேலை வாங்க அவர் கூச்சப்பட்டதே இல்லை.

அந்த சாஃப்ட்வேர் செய்கிற முக்கியமான வேலை ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் பெண் வீட்டுக்குப் பிள்ளைகளின் விவரமும், பிள்ளை வீட்டுக்குப் பெண்களின் விவரமும் போட்டோவோடு வாட்ஸப்பில் தானாகப் போகும். ராகு காலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது மையத்தம்மாவின் கட்டளை. அதனால் காலை ஒன்பது மணிக்கு வைத்திருந்தேன். ஆடியில் மட்டும் அது ஓடாது. ஆடியில் வரன் பேச்சை எடுத்தால், கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி பார்ப்பார்கள் இங்கே. ஆடி பிறந்ததும் நிறுத்தி வைப்பேன், ஆவணி பிறந்ததும் முடுக்கி விடுவேன். அந்த வருடமும் மறக்காமல் நிறுத்தியிருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து, ஊர் மூச்சு விட்டுக்கொண்டிருந்த வாரத்தில் மையத்தம்மா கூப்பிட்டார். "கண்ணு, நகரிகாரங்க ஒருத்தரையும் காணோம்!" என்றார் எடுத்த எடுப்பில். நகரி, புத்தூர் பக்கத்தில் பதிந்திருந்த வீடுகள் அத்தனையும் கணினியில் இல்லை. மையத்துக்குப் போய் விசாரித்ததில், பதிவு வேலை பார்க்கும் பெண் மாசி மாதம் பழைய பதிவுகளைச் சுத்தம் செய்கிறேன் என்று எதையோ டிக் அடித்து, ஆந்திரா பக்கம் மொத்தத்தையும் துடைத்துவிட்டிருக்கிறாள். இத்தனை மாதம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு வரன் கேட்டு நகரியிலிருந்து ஒருவர் போன் செய்த பிறகுதான் குட்டு உடைந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டு நின்றாள். நான் மலை மாதிரி நின்று, "அழாதே, எடுத்துத் தரேன். இதுக்குத்தான் நான் இருக்கேன்" என்றேன். அந்தத் தோரணையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மாசிக்கு முந்தின பேக்கப் தையில் எடுத்தது. புதன்கிழமை சாயந்திரம் அதை வேறு பெயரில் ஏற்றினேன். 'வரன்' என்பது ஓடுகிற டேட்டாபேஸ். 'வரன்_தை' என்று புதிதுக்குப் பெயர் வைத்தேன். பெயர் பொருத்தம் பிரமாதம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். நகரி வீடுகளின் விவரங்களை அதிலிருந்து எடுத்துத் தனியாக வைத்து, "ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் சேருங்கம்மா, யாருக்காவது கல்யாணம் ஆகியிருக்கும்" என்று மையத்தம்மாவிடம் சொன்னேன். அவ்வளவு ஜாக்கிரதை எனக்கு. வியாழக்கிழமையே வேலை முடிந்துவிட்டது. முடிந்த கையோடு 'வரன்_தை'யைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. எதற்காவது ஆகும், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டு வைப்போம்.

அது சும்மா இருக்கவில்லை. தை மாதத்து நகலில் தகவல்கள் மட்டும் இல்லை, அந்த வெள்ளிக்கிழமை வேலையும் இருந்தது. தை முகூர்த்த மாதம் அல்லவா? அப்போது அது ஓடுகிற நிலையில் இருந்தது. நான் நிறுத்தி வைத்தது ஆடியில் இருக்கிற ஒரிஜினலை. வேறு பெயரில் எழுந்து உட்கார்ந்த நகலுக்கு ஆடி பிறந்ததே தெரியாது. ஆடியின் கடைசி வெள்ளிக்கிழமை, மணி ஒன்பது ஆனதும் அது தன் வேலையைப் பார்த்தது. தை மாதத்துப் பெண்களை எடுத்து, தை மாதத்துப் பிள்ளை வீடுகளோடு பொருத்தி, அனுப்ப வேண்டிய பட்டியலில் எழுதியது. அந்தப் பட்டியலுக்கு மட்டும் பல வருடத்துக்கு முன்பே பழைய பெயரோடு முழு விலாசத்தையும் நான் எழுதி வைத்திருந்தேன். வேறு தெருவுக்குக் குடிபோனவர் இன்னும் பழைய வீட்டு வாசலிலேயே பாலை ஊற்றச் சொன்ன மாதிரி, எல்லாம் நேராக ஒரிஜினலில் போய் விழுந்தது. அங்கிருந்து வாட்ஸப்பில் பறந்தது.

அன்றைக்கு எனக்கு வீட்டிலிருந்து வேலை. மையத்தம்மா போன் செய்தபோது இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். "கண்ணு, போனு காதுலேர்ந்து எறங்கல. ஆடில வரன் அனுப்புறியே, அறிவு கீதாங்கறாங்க. ஒருத்தரு, எம் பையனுக்கு வைகாசிலயே கண்ணாலம் ஆயிட்ச்சி, மருமவ பாத்துட்டு மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு கீதுங்கறாரு. இன்னாடி பண்ண?"

லேப்டாப்பைத் திறந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. முதல் காரியமாக 'வரன்_தை'யை அழித்தேன். பிறகு போன எல்லா எண்ணுக்கும், 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தவறான விவரங்கள் அனுப்பப்பட்டுவிட்டன, வருந்துகிறோம்' என்று ஒரு செய்தி அனுப்பினேன். தொழில்நுட்பத்துக்கு ஒரு கோளாறும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. கோளாறு என்னிடம். ஆனால் அதை எப்படி எழுதுவது? மதியத்துக்குள் போன்கள் அடங்கின. யாரோ ஒரு வீட்டில் நாலு மாதக் கர்ப்பிணியை வரன் என்று அனுப்பியிருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்களாம். நானும் மையத்தம்மாவும்கூடச் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு சாயந்திரம் வரைதான் நின்றது.

சாயந்திரம் மையத்துக்கு ஒருவர் வந்தார். மலைப் பாதையில் ஆட்டோ ஓட்டுகிறவர். கோயிலுக்கு ஏறுகிற நேரங்களில் நானே அவர் ஆட்டோவில் போயிருக்கிறேன். பங்குனியில் மகளுக்கு வரன் முடிவானதும் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்து, "பேர எடுத்துடுங்கம்மா" என்று சொன்னவர். அவர் எதிரிலேயே நீக்கினோம். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பள்ளிப்பட்டு, வீட்டோடு பவர்லூம். புதுப்பெண் ஆடிக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆவணி பிறந்ததும் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் கடை வைத்திருக்கிறார். தன் மகனுக்காகத் தையிலேயே மையத்தில் பதிந்திருந்தார். அவர் போனுக்குத்தான் காலையில் போயிருக்கிறது, 'தங்கள் மகனுக்குப் பொருத்தமான வரன்' என்று, சொந்த அண்ணன் மருமகளின் போட்டோ. மனுஷர் அதை அப்படியே பள்ளிப்பட்டுக்குத் தள்ளிவிட்டார்.

ஆட்டோக்காரர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சட்டைப் பையைத் தடவிக்கொண்டே பேசினார். "சம்பந்தி போன் பண்ணாரும்மா. ஆடிக்கு அனுப்புனா, அந்தக் கேப்புல வேற மாப்ள பாக்கறியான்றாரு. நாங்க வர மாட்டோம், பொண்ண நீயே வெச்சுக்கோ, எவனுக்குக் குடுக்கறியோ குட்த்துக்கோன்றாரு. கோளாறுன்னு நீங்க அனுப்புன மெசேஜையும் சொன்னேன். மாட்டிக்கினதும் கோளாறான்றாரு."

மையத்தம்மா அங்கேயே பள்ளிப்பட்டுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்தில் அவருக்கும் நல்ல அர்ச்சனை. "இதுல உனக்கும் பங்கு கீதா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பெண். அவள் வாழ்க்கை என் சோம்பேறித்தனத்தால் அறுந்து தொங்குகிறது. "நான் செஞ்சது. நானே சரி பண்றேன். பள்ளிப்பட்டுக்கு நானே வந்து பேசறேன்" என்றேன். ஆட்டோக்காரர் என்னைக் கும்பிட்டார். என் அப்பா வயது அவருக்கு. செத்துப் போகலாம் போலிருந்தது.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ரயில்வே கேட் தாண்டி, இரண்டு அறை வீடு. அவள் அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்தான் தண்ணீர் கொண்டு வந்தாள். மெலிந்து, நெடுநெடுவென்று இருந்தாள். அழுத முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன், அப்படி இல்லை. கொஞ்சம் தெளிவாகவே இருந்தாள். பாவம், சமாளித்துக்கொள்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"யாருக்கா எம் பேரப் போட்டது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்ன விதம் இருக்கிறதே! பேக்கப், வேறு பெயர், வெள்ளிக்கிழமை வேலை என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். "யாருமே போடலம்மா. உங்க வீட்டு ஆளுங்க மேல ஒரு தப்பும் கெடயாது. உங்க நைனாவுக்கு இதப் பத்தி எதுவுமே தெரியாது. எல்லாம் நான் பண்ண தப்பு. தை மாசத்துப் பேரு தானா கெளம்பிப் போயிருச்சு" என்றேன்.

"தானாவா?" என்றாள்.

"ஆமாம்மா. தானா. நீ கவலயே படாத. நாளைக்கே போய்ப் பேசி, ஆவணி பொறந்ததும் உன்ன அங்க கொண்டுபோய் விட வெக்கறேன். இது என் பொறுப்பு."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம் வெளியே வரவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அப்போது அவளைவிட என் குற்றம்தான் பெரிதாகத் தெரிந்தது. அதை எங்கேயாவது இறக்கி வைத்தால் போதும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆட்டோவிலேயே பள்ளிப்பட்டுக்குப் போனோம். வழியெல்லாம் அவர், சம்பந்தி வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். "கோபப்படாதீங்கம்மா, அவங்க இன்னா சொன்னாலும் ஆங் ஆங்னுடுங்க." எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரிந்திருக்கிறது.

அந்த வீட்டில் முன்கட்டு முழுக்கப் பவர்லூம். நாங்கள் போனபோது ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துவிட்டும் கொஞ்ச நேரம் ஓட விட்டார்கள், வேண்டுமென்றேதான். பிறகு மாமனார் வந்து நிறுத்தினார். மாமியார் கதவோரமாக நின்றார். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சித்தப்பாவையும் கனகம்மாசத்திரத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

நான் ஆரம்பித்தேன். ஒரிஜினல் ஒன்று, நகல் ஒன்று என்றேன். நகலுக்கு எதற்கு வேறு பெயர் என்று மாமனார் கேட்டார். ஒரிஜினல் கெட்டுப் போகக் கூடாது என்பதற்காக என்றேன். "அப்ப கெட்டுப் போனது இன்னா?" என்றார். எனக்கு மண்டை காய்ந்தது. சித்தப்பா குறுக்கே புகுந்து, "ஏம்மா, தப்பு நடக்கக் கூடாதுன்னு வேற பேர் வெப்பீங்க, அதனாலயே தப்பு நடக்கும், அத நாங்க நம்பணும்? இந்தப் பொண்ணோட அப்பா உனக்கு இன்னா வேணும்?" என்றார். எத்தனைக்கு எத்தனை உண்மையைச் சொன்னேனோ அத்தனைக்கு அத்தனை பொய் மாதிரியே ஆனது. ஆட்டோக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மேல கேஸ் போடுங்க. எங்க வேணா வந்து கையெழுத்துப் போடறேன். தப்பு பண்ணவ இங்க ஒக்காந்துகினு கீறேன், நீங்க அங்க இருக்கற பொண்ணத் திட்டிக்கினு கீறீங்களே, நியாயமா?" என்று கத்தினேன். என் வாயிலிருந்து கீறேன், கீறீங்க எல்லாம் கோபத்தில்தான் வரும். பிறகு சித்தப்பாவின் போனை வாங்கி, அந்த வெள்ளிக்கிழமைச் செய்தியைத் திறந்து, "இதுல இந்தப் பொண்ணு மட்டுமா இருக்கு? கீழ பாருங்க" என்று மாமியாரிடம் நீட்டினேன்.

அவர் ஒவ்வொரு போட்டோவாகத் தள்ளினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "ஏ, இங்க பாருங்க! இவ கண்ணாலத்துக்கு ஆனில நாம போயிக்கினு வந்தோமே! பந்தில பாயசம் இல்லன்னு சண்டகூட ஆச்சே! இவளையும் வரன்னு போட்டுக்குது!" மாமனார் வாங்கிப் பார்த்தார். சித்தப்பாவும் எட்டிப் பார்த்தார். பிறகு மாமியார் சிரித்தார். "கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் புடிச்சிகிச்சி" என்றார். நான், "ஆமாம்மா, பைத்தியம்தான்" என்று உடனே ஒத்துக்கொண்டேன். காபி வந்தது. ஆவணி முதல் ஞாயிறு நல்ல நாள் என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார்கள்.

கிளம்பும்போது மாப்பிள்ளை வாசல் வரைக்கும் வந்தான். அத்தனை நேரம் அவன் வாயே திறக்கவில்லை. ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். என்னிடம் மெதுவாகக் கேட்டான். "மேடம், நீங்க கம்ப்யூட்டர்ல பெரிய ஆளுன்றாங்க. அவ போனுக்கு யார் யார் பேசறாங்க, இன்னா மெசேஜ் வருதுன்னு என் போன்லயே தெரியற மாரி பண்ண முடியுமா? ஏற்கெனவே அவ போன ரெண்டு தடவ ஒடச்சிட்டேன். அவ வீட்ல திரும்பத் திரும்ப வாங்கிக் குடுக்கறாங்க."

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. ஆனால் அரை நாளாகக் கெஞ்சிக் கூத்தாடிக் காரியத்தை முடித்திருக்கிறேன். இப்போது ஏதாவது சொல்லி அதைக் கெடுத்துக்கொள்வதா? "அதெல்லாம் என் வேல இல்லீங்க தம்பி" என்று நானும் சிரித்துவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். வரும் வழியில் ஆட்டோக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அவன் கேட்டதை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. மனசு லேசாகிவிட்டது எனக்கு, பெரிய பாரம் இறங்கின மாதிரி. அதைக் கலைக்க நான் தயாராக இல்லை என்பதுதான் உண்மை.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு புடவையும் பூவும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைப்பதாகத்தான் பேச்சு. ஆனால் லூமில் அவசர ஆர்டர், நீங்களே கொண்டுவந்து விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆட்டோக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இந்தம்மாதான்! அங்க வந்து இன்னா போடு போட்டாங்க தெரியுமா?" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உள்ளே அவள் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தார். நான் புடவையைக் கொடுத்தேன். வாங்கி, பிரித்துப் பார்க்காமல் பைக்குள் வைத்தாள். "என் மேல கோவமாம்மா?" என்றேன். தலையை ஆட்டினாள். இல்லை என்றுதான் ஆட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, துணியை மடித்தபடியே பேசினாள்.

"வெள்ளிக்கெழம காலைல அவரு போன் பண்ணிக் கத்துனாருக்கா. உங்கப்பன் உனக்கு வேற மாப்ள பாக்கறானான்னு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அந்தப் போட்டோவ அனுப்புனாரு. அதப் பாத்ததும், நைனாதான் போட்டுக்கிறாருன்னு நெனச்சேன்."

ஒரு ரவிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஆடி மொத நாள் இங்க வந்ததுமே நைனா கிட்ட சொல்ட்டேன்கா. நான் திரும்பப் போ மாட்டேன், அவரு அடிக்கறாருன்னு. முதுகக்கூட அம்மா கிட்ட காட்னேன். நைனா ஒண்ணும் பேசல. ஆடி முடியட்டும் பாக்கலாம்னாரு. அவ்ளோதான். அப்புறம் இந்தப் போட்டோ வந்ததா? சரி, நைனா கேக்காத மாரி இருந்துட்டு, எனக்கே தெரியாம மையத்துல போயி திரும்பவும் பேர் குட்த்துக்கிறாரு, நான் சொன்னத நம்பிட்டாருன்னு நெனச்சிக்கினேன். வெள்ளிக்கெழம பூரா அவ்ளோ சந்தோசமா இருந்தேன்கா. நைட்டு நல்லா தூங்குனேன்."

சனிக்கிழமை காலை நான் வந்து, உங்க நைனாவுக்கு எதுவுமே தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை உறுதியாக! எத்தனை விளக்கமாக!

"என்கிட்ட அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். சொன்ன மறு நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீங்க கேக்கலியேக்கா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள்.

உண்மைதான். அவள் அப்பாவிடம் பேசினேன். அவள் மாமனாரிடம், மாமியாரிடம், எங்கிருந்தோ வந்த சித்தப்பாவிடம் தொண்டை வறளப் பேசினேன். போன் உடைத்த கதையை அவள் புருஷன் வாயாலேயே கேட்டேன். அவளிடம் மட்டும், உனக்குப் போக இஷ்டமா என்று ஒரு கேள்வி என் வாயில் வரவில்லை. நானும் ஒரு பெண்தானே! என் தப்பைத் திருத்துகிற அவசரத்தில் அவளைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலம்மா. நான் உங்க நைனா கிட்ட பேசறேன். இப்பவே பேசறேன்" என்று அவள் கையைப் பிடித்தேன்.

அவள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். "நீங்கதான் பேசிட்டீங்களேக்கா. அழகா பேசுனீங்கன்னு நைனா எல்லார் கிட்டயும் சொல்லிக்கினு கீறாரு."

பிறகும் நான் வெளியே போய் அவரிடம் சொன்னேன். அவன் அடிக்கிறானாம், அனுப்பாதீர்கள் என்று சொன்னேன். அவர் துணியை உதறி மடித்துக்கொண்டே, "தெரியும்மா. புதுசுல அப்பிடித்தான் இருக்கும். ஒரு கொழந்த பொறந்தா சரியாயிடும். அன்னிக்கி நீங்க மட்டும் வரலன்னா, எம் பொண்ணு வாழாவெட்டியா வீட்ல ஒக்காந்திருக்கும்" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அது எனக்குச் சொன்ன நன்றி.

அவள் பையோடு வந்து ஆட்டோவில் உட்கார்ந்தாள். அம்மா கட்டுச்சோற்றை மடியில் வைத்தார். வண்டி வெளியே போக முடியாமல் என் ஸ்கூட்டர் குறுக்கே நின்றது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான்தான் போய் ஸ்டாண்டை எடுத்து, ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளி, வழி விட்டேன்.